ஏற்காட்டுக்கு ஒரு நாள் குடும்பப் பயணம்: இடங்களை எண்ணும் முன் வண்டியைப் பாருங்கள்

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் வசிக்கிறோம். மே மாத விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குச் சென்று அன்றே திரும்ப எண்ணுகிறோம். நாத்தனார் குடும்பத்தையும் சேர்த்து மொத்தம் 11 பேர். மாமியாருக்கு மூட்டு வலி. ஒன்பது வயது மகள் இரண்டு வளைவு ஏறினாலே வாந்தி எடுப்பாள். மகனுக்கு நான்கு வயது. தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர், வண்டி, ஓட்டுநர், ஏழு இடங்கள் எல்லாம் சேர்த்து 7,000 ரூபாய் என்கிறார். டிராவல்ஸில் இதைவிட 2,000 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். எதை ஏற்கலாம்?

பதில்: அந்த வண்டியின் எண் பலகை எந்த நிறத்தில் இருக்கிறது என்பதைத் தாங்கள் எழுதவில்லை. வாகன ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், முதலில் அதைத்தான் நான் கேட்பேன். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்துகளும், சொந்த உபயோக வண்டிக்கு வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்துகளும் இருக்கும். தாமே ஓட்டிச் செல்வதற்காக வாடகைக்கு விடப்படும் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துகள் இருக்கும். ஓட்டுநரோடு வாடகைக்கு வருகிற வண்டி வெள்ளைப் பலகையோடு வந்து நின்றால், அதில் ஏறாதீர்கள். 2,000 ரூபாய் மிச்சமாவதற்குப் பெரும்பாலும் அந்தப் பலகைதான் காரணம். பர்மிட் கட்டணமும், வாடகை வண்டிக்குரிய வரியும், கூடுதல் காப்பீட்டுத் தொகையும், முறையான எஃப்.சி.யும் (வண்டியின் தகுதிச் சான்று) இல்லாமல் ஓட்டுகிறவர் குறைவாகக் கேட்பதில் வியப்பில்லை.

இதில் தங்களுக்கு என்ன இழப்பு என்றால், சொந்த உபயோகத்துக்கென்று காப்பீடு செய்த வண்டியை வாடகைக்கு ஓட்டுவது பாலிசி நிபந்தனையை மீறுவதாகும். விபத்து நேர்ந்தால், உள்ளே அமர்ந்திருந்த தங்கள் குடும்பத்தாரின் இழப்பீட்டுக் கோரிக்கையை நிறுவனம் மறுப்பதற்கு அதுவே வழி திறந்துவிடும். அப்போது நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியவர் தாங்களே ஒழிய, அந்த வண்டியைப் பிடித்துக் கொடுத்த தரகர் அல்லர். இப்படிப்பட்ட ஓட்டுநர்கள் புறப்படும் முன்பே, "போலீஸ் கேட்டால் சொந்தக்காரங்கன்னு சொல்லிடுங்க" என்று சொல்லி வைப்பதைப் பல முறை கேட்டிருக்கிறேன். அந்தப் பொய்யைச் சொல்ல ஒப்புக்கொள்ளாதீர்கள். பின்னாளில் நியாயம் கேட்கப் போகும்போது தங்கள் வாய்மொழியே தங்களுக்கு எதிராக நிற்கும்.

அப்படியானால் நண்பரின் காரில் போகவே கூடாதா என்று தாங்கள் கேட்கலாம். தாராளமாகப் போகலாம். நண்பர் தம் காரைப் பணம் வாங்காமல் இரவலாகக் கொடுத்து, தங்கள் கணவர் அதை ஓட்டிச் சென்றால் அது வாடகை ஆகாது. நண்பரே ஓட்டி வந்து, அவருடைய குடும்பமும் உடன் வந்து, பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொண்டாலும் ஆகாது. பெட்ரோலை முழுவதும் தாங்களே நிரப்பிக் கொடுத்தாலும், வழியில் உணவு வாங்கிக் கொடுத்தாலும் அது நட்பின் உபசாரமே. கிலோமீட்டருக்கு இவ்வளவு, ஒரு நாளைக்கு இவ்வளவு, ஓட்டுநருக்குப் பேட்டா இவ்வளவு என்று விலை பேசிய கணத்தில்தான் அது வாடகையாக மாறுகிறது. தங்களுக்கு வந்தவர் 7,000 ரூபாய் என்று விலை பேசிவிட்டார்; ஆகவே, தெரிந்தவர் மூலம் வந்தவர் என்பதால் மட்டும் இந்த விலக்கு அவருக்குப் பொருந்தாது.

சரிபார்ப்பது எளிது. மத்திய அரசின் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணை இட்டால் வாகன வகையும், தகுதிச் சான்று, காப்பீடு ஆகியவை எந்தத் தேதி வரை செல்லும் என்பதும் தெரியும். ஓட்டுநரைத் தவிர்த்து 6 பேர் வரை ஏற்றும் வாடகை வண்டியை மோட்டார் கேப் என்றும், 6-க்கு மேல் 12 பேர் வரை ஏற்றுவதை மேக்சி கேப் என்றும் சட்டம் வகைப்படுத்துகிறது. 11 பேருக்கு மேக்சி கேப் வேண்டும். ஆர்.சி.யில் (பதிவுச் சான்று) எத்தனை இருக்கை என்று எழுதியிருக்கிறதோ அத்தனை பேர்தான் ஏற வேண்டும். "குழந்தைகள்தானே, மடியில் உட்காரட்டும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இவற்றையெல்லாம் ஒரு குடும்பத் தலைவி தம் கைப்பேசியில் சோதித்துக்கொள்ள வேண்டிய நிலை இருப்பதே எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மலைப்பாதைச் சோதனைச் சாவடிகளில் நெகிழிப் பைகளைத் தேடுகிறார்கள். தேட வேண்டியதுதான், 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக்குத் தடை இருக்கிறது. ஆனால் பைக்குள் இருப்பதைத் துழாவுகிற அந்தக் கைகளுக்கு எதிரிலேயே, வெள்ளைப் பலகையோடு பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டு வருகிற வேன் தடையின்றி மேலேறிச் செல்கிறது. சீசன் தொடங்கியதும் நான்கு நாள் சோதனை, படத்தோடு ஒரு செய்தி, பிறகு மறுசீசன் வரை மௌனம். பணியில் இருந்த காலத்தில் இதைப் பற்றி நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்தது ஓட்டுநர். அடிவாரத்திலிருந்து மேலே செல்லும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலம் நோக்கி இறங்கிய தனியார் பேருந்து கவிழ்ந்து உயிர்கள் பறிபோனதை நம் ஊரார் மறந்திருக்க மாட்டார்கள். முன்பணம் கொடுக்கும் முன், "இறங்கும்போது எந்த கியரில் வருவீர்கள்?" என்று ஓட்டுநரைக் கேளுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குவேன் என்பவர் மலை தெரிந்தவர். அப்படி இறங்கினால் வண்டியின் வேகத்தை எஞ்சினே பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுபவரோடு குழந்தைகளை அனுப்பவே கூடாது. மலைப்பாதையில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. சமவெளியில் மட்டும் ஓட்டிப் பழகியவர்கள் இதை அறிந்திருப்பதில்லை. தகுந்த வண்டி அமையாவிட்டால் சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து அரசுப் பேருந்தில் செல்லுங்கள். அன்றாடம் அந்த வளைவுகளில் ஏறி இறங்குகிற கைகள் அவை.

இனி அந்த ஏழு இடங்கள். மே மாத ஞாயிற்றுக்கிழமையில் ஏழு இடங்களைப் பார்ப்பது என்றால், ஏழு வண்டி நிறுத்தங்களில் வரிசையில் காத்திருப்பது என்றே பொருள். கூடவே, அப்பட்டியலில் உள்ள ஒவ்வொரு இடத்தின் நுழைவுக் கட்டணமும் நிறுத்தக் கட்டணமும் பேசிய தொகைக்கு வெளியேதான் இருக்கும். இத்தகைய பட்டியல்களில் தவறாமல் இடம்பெறும் கிளியூர் அருவியைத் தாங்கள் நீக்கிவிடலாம். ஏற்காடு ஏரியின் உபரி நீர்தான் அங்கே அருவியாக விழுகிறது. நல்ல மழை பெய்து ஏரி நிரம்பாத மே மாதத்தில் தாங்கள் காணப்போவது பெரும்பாலும் பாறையைத்தான். அதற்காக மூட்டு வலி உள்ளவரை அத்தனை படிகள் இறக்கி ஏற்ற வேண்டாம்.

தங்களுக்கு மூன்று இடங்கள் போதும். காலை ஆறரைக்குப் புறப்பட்டால் வெயிலும் நெரிசலும் சேரும் முன் மேலே சென்றுவிடலாம். முதலில் சேர்வராயன் கோயிலுக்குச் செல்லுங்கள். 5,326 அடி உயரத்தில், இந்த மலைத்தொடரின் உச்சியில் இருக்கிறது. வண்டி கோயிலுக்கு அருகிலேயே செல்வதால் மாமியார் அதிகம் நடக்க வேண்டியதில்லை. கருவறை தாழ்வான குகைக்குள் இருப்பதால் குனிய முடியாவிட்டால் வெளியிலிருந்தே கும்பிட்டுக்கொள்ளட்டும். காற்று வீசும் அந்தத் திறந்தவெளியில் சிறுவர்கள் ஓடி விளையாடலாம். பிறகு லேடீஸ் சீட்; நாம் குடியிருக்கும் சேலம் முழுவதும் காலடியில் விரிந்து கிடப்பதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். கடைசியாக ஏரி. படகுச் சீட்டைப் படகு இல்லத்துக் கவுன்டரில் மட்டும் வாங்குங்கள். வரிசையில் நிற்காமல் வாங்கித் தருகிறேன் என்று அணுகுகிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள். உயிர்காப்பு உடையின் வார்கள் நான்கு வயது மகனுக்கு இறுக்கமாகப் பொருந்துகின்றனவா என்று தாங்களே இழுத்துப் பார்த்த பிறகே படகில் ஏற்றுங்கள்.

மகளை வண்டியின் முன்பகுதியில், கண்ணாடி திறக்கும் இடத்தில் உட்கார வைத்து, தொலைவில் பார்க்கச் சொல்லுங்கள். கையில் கைப்பேசி வேண்டாம். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. இரண்டு இட்லி போதும். மாத்திரை தேவையென்றால் முந்தைய நாளே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள்.

ஏற்காட்டுக்கும் இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) வேண்டும், எடுத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த அந்த இ-பாஸ் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உரியது. அங்கும் அதற்குக் கட்டணம் கிடையாது. ஓட்டுநர் தாமாகவே நிறுத்துகிற தேன், மிளகு, மூலிகை எண்ணெய்க் கடைகளில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோடை விழா நடக்கும் நாட்களைக் கூடுமானவரை தவிர்த்துவிடுங்கள். அப்போது அடிவாரப் பாதையில் ஏறி, குப்பனூர் வழியாக இறங்கும்படி போக்குவரத்தை மாற்றிவிடுவது வழக்கம். திரும்பும் பயணம் நீண்டுவிடும். மற்ற ஞாயிற்றுக்கிழமையானால் பிற்பகல் மூன்று மணிக்கே இறங்கத் தொடங்குங்கள். நேரம் மிஞ்சினால் அடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருக்கிறது. நான்கு வயது மகனுக்கு அன்றைய நாளில் மிகவும் பிடித்த இடமாக அதுவே அமையக்கூடும். இறங்கும் வழியில் கருகிய வாடை வந்தால், அது பிரேக் சூடாகிவிட்டது என்பதற்கான அடையாளம். ஓட்டுநர் என்ன சமாதானம் சொன்னாலும் அகலமான இடத்தில் ஓரங்கட்டச் சொல்லி, அனைவரையும் இறக்கிவிட்டு, அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகே மறுபடி ஏறுங்கள்.