பைதான் நிரலைச் சுத்தமாக எழுத: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பைதானில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். பைதான் 3 தமிழ் எழுத்துகளை ஏற்கும்; ‘விலை’, ‘மொத்தம்’ என்று எழுதினாலும் நிரல் ஓடும். பிறரோடு சேர்ந்து எழுதும் நிரலுக்கு மட்டும் ஆங்கிலப் பெயரே வசதி. எந்த மொழியானாலும் ‘டேட்டா2’, ‘எக்ஸ்1’ போன்ற பெயர்கள் வேண்டாம், எதற்கு வைத்தோம் என்று மறுமாதமே தெரியாது. ‘லிஸ்ட்’, ‘சம்’ போன்ற பைதானின் சொந்தப் பெயர்களையும் தொடாதீர்கள். ‘சம்’ என்ற பெயரில் ஓர் எண்ணை வைத்துவிட்டால், அப்புறம் கூட்டுத்தொகைக்கு அதே பெயரைக் கூப்பிடும்போது டைப்எரர் என்ற பிழை வரும்.

கேள்வி: ஃபங்ஷனை இரண்டாம் முறை கூப்பிட்டால் பழைய தரவும் சேர்ந்தே வருகிறது. என்ன காரணம்?

பெரும்பாலும் அளபுருவின் (ஃபங்ஷன் வாங்கும் உள்ளீட்டின்) இயல்பு மதிப்பாக, அதாவது எதுவும் தராதபோது எடுத்துக்கொள்ளும் மதிப்பாக, காலி லிஸ்டைக் கொடுத்திருப்பீர்கள். கூடையில் பொருள் சேர்க்கும் ஃபங்ஷன் என்று வையுங்கள். முதலில் ‘அரிசி’ கொடுத்தால் அரிசி மட்டும் வரும். அடுத்து ‘பருப்பு’ மட்டும் கொடுத்தாலும் அரிசி, பருப்பு இரண்டும் வரும். ஃபங்ஷனை வரையறுக்கும் டெஃப் வரி ஓடும்போது அந்தக் காலி லிஸ்ட் ஒரே ஒருமுறைதான் உருவாகிறது. பிறகு கூடை தராமல் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அதே லிஸ்ட்தான் கைக்கு வருகிறது. பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால் இதைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இயல்பு மதிப்பாக ‘நன்’ (None, ‘எதுவும் இல்லை’ என்று பொருள்) கொடுங்கள். உள்ளே போனதும் அது ‘நன்’தானா என்று பார்த்து, ஆமெனில் புது லிஸ்ட் உருவாக்குங்கள். டிக்ஷனரி, செட் இரண்டுக்கும் இதே கதைதான்.

கேள்வி: ‘எக்ஸெப்ட்’ போட்டு உள்ளே ‘பாஸ்’ எழுதிவிட்டால் பிழையே வருவதில்லை. இது சரியா?

சரியில்லை. ‘எக்ஸெப்ட்’ வந்த பிழையைப் பிடிக்கும், ‘பாஸ்’ என்றால் ஒன்றும் செய்யாதே என்று பொருள். பிழை அங்கேயேதான் இருக்கிறது, உங்கள் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. எந்தப் பிழை என்று சொல்லாத எக்ஸெப்ட், நிரலை நிறுத்த நீங்கள் அழுத்தும் கன்ட்ரோல்-சி-யையும் விழுங்கிவிடும். எண் கேட்ட இடத்தில் எழுத்து வரலாம் என்றால் ‘வேல்யூஎரர்’ என்று பெயர் சொல்லிப் பிடியுங்கள். எக்ஸெப்டுக்கு முன் வரும் டிரை பகுதியில் பிழை வரக்கூடிய ஓரிரு வரிகள் மட்டும் இருக்கட்டும்.

கேள்வி: ஒரு வரி எவ்வளவு நீளம் போகலாம்?

2001-இல் எழுதப்பட்ட பெப் 8 என்ற நடைக்கையேடு 79 எழுத்து என்கிறது. நிரலின் நடையைத் தானே ஒழுங்குபடுத்தும் ‘பிளாக்’ என்ற கருவி 88 வரை விடும். எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள், கோப்பைச் சேமிக்கும்போதே பிளாக் ஓடும்படி எடிட்டரில் அமைத்துவிடுங்கள்.