இந்தோனேசிய வம்சாவளியினர், சுவிஸ் வம்சாவளியினர்: பொருளாதாரத்தில் யார் முன்னேறினார்கள், ஏன்?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் வம்சாவளிவாரியாகக் குடும்ப வருமானம் போடும் ஒரு பட்டியலைப் பார்த்திருக்கிறார். அதில் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள், சுவிஸ்காரர்களும் இருக்கிறார்கள். இரண்டு தாய்நாடுகளுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்க, வாரிசுகளின் நிலை மட்டும் ஏன் அந்த அளவு விலகவில்லை என்று கேட்கிறார். கல்வியா, உழைப்பா, வளர்ப்பா என்பது அவர் சந்தேகம்.

என்னைக் கேட்டால், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதை ஓரமாக வைத்துவிட்டு, கப்பலை விட்டு இறங்கியபோது கையில் என்ன காகிதம் இருந்தது என்று பார்க்க வேண்டும். நிலப் பத்திரமா, கடன் சீட்டா, குடியுரிமையா, வெறும் சுற்றுலா விசாவா? மூன்று தலைமுறைக்கு மேல் அந்தக் காகிதம் பேசும்.

இந்த எண்ணம் எனக்கு வந்தது ஒரு சூப் கடையில். நான் எட்டு வருடமாக நெதர்லாந்தில், டென் ஹாக் நகரத்தில் வேலை பார்க்கிறேன். அலுவலகத்தில் என்னோடு வேலை செய்பவர் சுரினாம் நாட்டுக்காரர், ஜாவா வம்சாவளி. சுரினாம் தென் அமெரிக்காவில் இருக்கிறது, ஜாவா இந்தோனேசியத் தீவு, அந்தக் காலத்தில் இரண்டுமே டச்சுக் காலனி. ஒரு மழை நாளில் என்னை சாவோத்தோ சாப்பிட அழைத்துப் போனார். தெளிவான கோழிச் சாறு, அதில் எலுமிச்சைப் புல்லும் சித்தரத்தையும் போட்ட வாசனை. மேலே முளைப்பயறு, வேகவைத்த முட்டை, மெலிதாகச் சீவிப் பொரித்த உருளைக்கிழங்கு. பக்கத்தில் சோறு. பாதி சாப்பிட்டபோது மடிக்கணினியைத் திறந்து, சுரினாமுக்குப் போன ஜாவா ஒப்பந்தத் தொழிலாளர்களின் பதிவேட்டைக் காட்டினார். அவருடைய கொள்ளுப்பாட்டியின் பதிவு ஒரு திரைக்குள் அடங்கிவிட்டது: ஒற்றைப் பெயர், வயது 19, உயரம் 1.46 மீட்டர், ஊர், கப்பல், தோட்டத்தின் பெயர், ஒப்பந்த எண். அந்த எண்ணைத் தொட்டுக் காட்டி, "எங்கள் குடும்பத்தின் முதல் சொத்து இதுதான்" என்றார்.

எனக்கு என் அப்பத்தா நினைவு வந்துவிட்டது. இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி நீலகிரிக்கு வந்தவர். பெரட்டு (காலையில் ஆள் எண்ணுவது), செக்ரோல் (வருகைப் பதிவேடு), கங்காணி (கூலிகளின் மேஸ்திரி), துண்டு (கடன் சீட்டு) என்று அவர் சொன்ன வார்த்தைகள் எல்லாம் அந்தப் பதிவேட்டுக்குப் பொருந்தின.

ஜாவாக்காரர்கள் சுரினாமுக்கு முதலில் வந்தது 1890இல். 94 பேர், மரியன்பர்க் கரும்புத் தோட்டத்துக்கு. அதிலிருந்து 1939 வரை சுமார் 33,000 பேர். ஐந்து வருட ஒப்பந்தம், முடிந்தால் ஊருக்குத் திரும்ப இலவசக் கப்பல். ஆணுக்கு நாளுக்கு 60 சென்ட், பெண்ணுக்கு 40 சென்ட். வேலைக்கு வராவிட்டால் அது குற்றம். அபராதமோ சிறையோ உண்டு. ஆள் பிடிக்க வந்தவனை ஜாவாக்காரர்கள் 'வெரெக்' என்பார்கள். அவன் மந்திரம் போட்டு மயக்கித்தான் கப்பல் ஏற்றினான் என்று இன்றும் குடும்பங்களில் கதை சொல்கிறார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களைப் பற்றிய நம் பக்கத்துக் 'கண்டிச் சீமை' கதைகளைக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அதே சுரினாமுக்கு 1873 முதல் 1916 வரை வட இந்தியாவிலிருந்தும் சுமார் 34,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். அவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள். அதனால் தலைநகர் பரமாரிபோவில் இருந்த பிரிட்டிஷ் தூதரிடம் போய் முறையிட முடிந்தது. ஜாவாக்காரனுக்கு அந்த வழி இல்லை. அவனை அனுப்பியதும் டச்சு அரசு, வாங்கிக்கொண்டதும் டச்சு அரசு. யாரிடம் போய்ச் சொல்வான்? பின்னாளில் இந்தியர்கள் நிலத்திலும் வியாபாரத்திலும் முந்திக்கொண்டதற்கு இதையும் ஒரு காரணமாக நான் பார்க்கிறேன். முன்னால் வந்தவர்களுக்கு முன்னால் நிலம் கிடைத்தது என்பதும் உண்மைதான்.

இனி சுவிஸ் பக்கம். 1840களில் சுவிட்சர்லாந்து இன்று நாம் நினைக்கிற சுவிட்சர்லாந்து இல்லை. உருளைக்கிழங்கு அழுகியது, கைத்தறி படுத்தது. ஏழைகளுக்குச் சோறு போடுவதைவிடக் கப்பல் கூலி கொடுத்து அனுப்பிவிடுவது மலிவு என்று ஊராட்சிகளே கணக்குப் போட்ட காலம்.

அப்படிக் கிளாரஸ் மாகாணத்திலிருந்து 1845 ஏப்ரலில் 193 பேர் கிளம்பினார்கள். அவர்களுக்கு முன்பே ஒரு நீதிபதியும் இன்னொருவரும் அமெரிக்கா போய், விஸ்கான்சினில் 1,280 ஏக்கர் வாங்கி வைத்துவிட்டார்கள். வழியில் சிலர் பிரிந்துபோக, ஆகஸ்ட் 15 அன்று 108 பேர் வந்து சேர்ந்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டுக் குடும்பத்துக்கு 20 ஏக்கர். ஊருக்கு நியூ கிளாரஸ் என்று பெயர். கையில் காசு இல்லாத, பழக்கமில்லாத குளிரில் ஒண்டிக் கிடந்த கூட்டம்தான். ஆனால் காலுக்குக் கீழே இருந்த மண் அவர்களுடையது.

அந்த மண் என்ன செய்தது என்று பாருங்கள். முதலில் எல்லாரையும் போலக் கோதுமை போட்டார்கள். பூச்சி விழுந்தது, மண்ணும் சோர்ந்தது, கோதுமை கைவிட்டது. உடனே மாடு வாங்கினார்கள். 1860களின் இறுதியிலிருந்து அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாலாடைக்கட்டித் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்தன. இன்றும் அமெரிக்காவில் லிம்பர்கர் பாலாடைக்கட்டி செய்கிற ஒரே ஆலை, நியூ கிளாரஸ் இருக்கிற கிரீன் கவுண்டியில்தான், விவசாயிகள் கூட்டுறவாக நடக்கிறது. சுவிஸ்காரனுக்கு மாடு ரத்தத்திலேயே இருக்கிறது என்று சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் இந்த வருடம் கோதுமை வேண்டாம், புல் வளர்க்கிறேன் என்று முடிவெடுக்க நிலம் தன் பெயரில் இருக்க வேண்டும்.

இதைச் சும்மா சொல்லவில்லை. அதே காலத்தில் ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களிலிருந்து இன்னொரு கூட்டம் பிரேசிலுக்குப் போனது. சாவோ பாவ்லோ மாகாணத்தில் இபிகாபா என்ற காப்பித் தோட்டம், முதலாளி செனட்டர் வெர்கைரோ. முறை என்னவென்றால் வாரக் குத்தகை. காப்பியில் வரும் லாபத்தில் பாதி குடியானவனுக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கப்பல் கூலி கடன், அதற்கு வட்டி, அரிசி பருப்பு கடன், இருக்கிற வீட்டுக்கு வாடகை, ஆள் சேர்த்ததற்குத் தரகு, எல்லாம் அவன் பற்றில் எழுதப்பட்டது. காப்பியை அளக்கிற படியும் முதலாளியுடையது, நாணய மாற்று விகிதமும் முதலாளி சொல்வது. குடும்பத்தில் அப்பா செத்தாலும் கடன் சாகாது, எல்லாரும் பொறுப்பு. கடன் தீராமல் தோட்டத்தை விட்டுப் போக முடியாது. இன்னொரு முதலாளி அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளலாம்.

இலங்கைத் தோட்டங்களில் இதற்குப் பெயர் துண்டு. இந்தக் கூலிக்கு இவ்வளவு பற்று இருக்கிறது, அதைக் கட்டினால் விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. 1921இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். என் அப்பத்தாவின் அப்பாவைப் பிடித்து வைத்திருந்த அதே கயிறு, அதற்கு அறுபது எழுபது வருடம் முன்பு வெள்ளைக்கார சுவிஸ் குடியானவனின் காலிலும் கட்டியிருந்தது என்று படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இபிகாபாவில் தாமஸ் டாவாட்ஸ் என்ற பள்ளி ஆசிரியர் இருந்தார், கிரௌபுண்டன் மலைப்பகுதிக்காரர். அவர் கணக்குகளை எழுதி வைத்து, ஊருக்குக் கடிதம் எழுதி, ஆட்களைத் திரட்டினார். 1856 டிசம்பரில் அது கலகமானது. அவர் திரும்பிப் போய் எல்லாவற்றையும் எழுதி 1858இல் அச்சிட்டார். 1860இல் சுவிஸ் அரசு ஃபான் சூடி என்பவரைத் தூதராக அனுப்பித் தோட்டம் தோட்டமாக விசாரிக்க வைத்தது. ஜாவாக்காரர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இங்கேதான்: சுவிஸ்காரர்களுக்கு எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் நடுவில் இருந்தார், கடிதம் போய்ச் சேர ஒரு சொந்த அரசாங்கமும் இருந்தது. அப்படியிருந்தும் இபிகாபாவில் இருந்து ஒரு நியூ கிளாரஸ் முளைக்கவில்லை.

ஆக, சுவிஸ் என்றாலே ஒரே கதை கிடையாது. இந்தோனேசியரிலும் அப்படித்தான், அதற்கு நெதர்லாந்தே சாட்சி. இந்தோனேசியா விடுதலை ஆன பிறகு இரண்டு கூட்டம் இங்கே வந்தது. ஒன்று, டச்சுக் கலப்புக் குடும்பங்கள். சுமார் மூன்று லட்சம் பேர் என்பார்கள். கையில் டச்சுக் குடியுரிமை. வரவேற்பு ஒன்றும் இனிமையாக இல்லை. கொடுத்த துணிமணிக்கும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் கூடக் கடன் எழுதித் திருப்பி வாங்கினார்கள். ஆனாலும் வேலைக்குப் போகலாம், பள்ளிக்குப் போகலாம். ஒரு தலைமுறையில் டச்சுச் சமூகத்தோடு கலந்துவிட்டார்கள்.

இரண்டாவது, மொலுக்கர்கள், அதாவது இந்தோனேசியாவின் மலுக்கு தீவுக்காரர்கள். டச்சுக் காலனிப் படையில் இருந்த சிப்பாய்களும் குடும்பங்களும், சுமார் 12,500 பேர். 1951இல் கட்டளை போட்டுக் கப்பல் ஏற்றினார்கள், கொஞ்ச நாள்தான் என்றார்கள். வந்து இறங்கியதும் படையிலிருந்து நீக்கினார்கள். பழைய முகாம்களில் தங்க வைத்தார்கள். யூதர்களை நாஜிகள் அடைத்து வைத்த வெஸ்டர்போர்க்கும் அவற்றில் ஒன்று. வேலைக்குப் போக வேண்டாம், சமைக்க வேண்டாம், பொதுச் சமையலறையில் சாப்பாடு, வாரத்துக்கு மூன்று கில்டர் கைச்செலவு. திரும்பப் போகப் போகிறோம் என்று பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. 1956இல் திடீரென்று இனி உங்கள் பாட்டை நீங்களே பாருங்கள் என்றார்கள். ஆர்னெம் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் அவர்கள் இருந்த மரக் கொட்டகை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். நீளமாக, குடும்பத்துக்கு ஒரு தடுப்பு. இலங்கைத் தோட்டத்தில் கூலிகள் குடியிருக்கும் வரிசை வீடு, அசல் லயம். கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றுவிட்டேன். அந்தப் பிள்ளைகளில் சிலர்தான் 1970களில் ரயில்களைக் கடத்தியவர்கள். ஒரே தேசத்திலிருந்து, ஒரே நாட்டுக்கு, ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்த இரண்டு கூட்டங்கள். உழைப்பிலும் ஒழுக்கத்திலும் அவ்வளவு வித்தியாசம் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

சரி, கேள்வியில் இருந்த அமெரிக்கப் பட்டியலுக்கு வருகிறேன். அதில் சுவிஸ் என்பது அவரவர் சொல்லிக்கொள்வது. சுமார் ஒன்பது லட்சம் பேர் சொல்கிறார்கள். ஐந்தாவது ஆறாவது தலைமுறை, விஸ்கான்சின், ஒஹாயோ, இந்தியானா கிராமங்கள் வரை பரவியவர்கள். வருமானம் சுமாராக இருந்தாலும் வீடும் நிலமும் இருக்கலாம். சொத்து அந்தப் பட்டியலில் தெரியாது. இந்தோனேசியர்கள் 2010 கணக்கில் ஒரு லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு, பெரும்பாலும் முதல் தலைமுறை. அதிலும் பிரிவு உண்டு. கலிஃபோர்னியாவில் படிக்க வந்து வேலையில் அமர்ந்தவர்கள் ஒரு பக்கம். இந்தோனேசியாவில் நடந்த 1998 கலவரத்துக்குப் பிறகு சுற்றுலா விசாவில் ஓடிவந்த கிறித்தவர்கள், சீன வம்சாவளியினர் இன்னொரு பக்கம். அவர்கள் தெற்கு ஃபிலடெல்ஃபியாவிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் கிடங்குகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிறார்கள். அடைக்கலம் கேட்க ஒரு வருடக் கெடு என்று அமெரிக்கச் சட்டம். அது தெரியாமல் தவறவிட்டவர்கள் பல வருடம் காகிதமே இல்லாமல் காலம் தள்ளினார்கள். இவர்கள் எல்லாரையும் கூட்டி வகுத்து ஒரு எண் போட்டால், அந்த எண் யாருடைய வீட்டு நிலைமையையும் சொல்லாது.

சுரினாமில் இன்று ஜாவா வம்சாவளியினர் சுமார் 14 சதவீதம். தோட்டத்திலிருந்து அவர்கள் வெளியே வந்தது மெதுவாக. ஒப்பந்தம் முடிந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர்தான் ஜாவா திரும்பினார். மற்றவர்கள் சின்னச் சின்னத் துண்டு நிலத்தில் நெல்லும் காய்கறியும் போட்டார்கள். அப்புறம் மூங்கோ என்ற ஊரில் பாக்சைட் (அலுமினியத் தாது) சுரங்கம் வந்தது, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் விமானதளம் கட்டினார்கள். வாரக் கூலி கையில் வந்தது, மெக்கானிக் வேலை, மின்வேலை கற்றுக்கொண்டார்கள். அரசியலிலும் ஏறி, 2005இல் ஒரு ஜாவா வம்சாவளிக்காரர் நாடாளுமன்ற சபாநாயகரானார். 1954இல் சுமார் ஆயிரம் பேர் ஒரு கப்பலில் இந்தோனேசியா திரும்பியதும் இந்தக் கதையில் உண்டு. அவர்களுக்குக் கிடைத்தது ஜாவா இல்லை, மேற்கு சுமத்ராவில் காடு. அதை வெட்டித் திருத்த வேண்டியிருந்தது. பலர் கொஞ்ச காலத்தில் நகரங்களுக்கு வேலை தேடிப் போய்விட்டார்கள்.

என் நண்பர் வீட்டிலும் இதே வரிசைதான். கொள்ளுப்பாட்டி கரும்பு வெட்டினார், தாத்தா மூங்கோவில் மெக்கானிக், அம்மா 1975இல் சுரினாம் விடுதலை பெறும் நேரத்தில் டச்சுக் கடவுச்சீட்டோடு இங்கே வந்து செவிலியரானார். இவர் பொறியாளர். ஒப்பந்தம் முடிந்ததும் கொள்ளுப்பாட்டிக்குக் கோமெவைன ஆற்றோரம் ஒரு துண்டு நிலம் கிடைத்ததாம். அதை இன்னும் அவருடைய பெரியம்மா மகன் வைத்திருக்கிறார். நாலு தென்னை, கொஞ்சம் மிளகாய்.

அன்று சூப் ஆறிப்போன பிறகு என் அப்பத்தாவுக்கு எவ்வளவு நிலம் இருந்தது என்று கேட்டார். ஒரு காம்பரா, பத்துக்குப் பன்னிரண்டு அடி, அதுவும் தோட்டத்துக்குச் சொந்தம் என்றேன். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, அப்பத்தாவின் பெயரை எப்படி எழுதுவார்கள் என்று கேட்டார்.