தயாரிப்பு நின்றுபோன நோரிடாக்கே டின்னர் செட்டுகள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் பாட்டி வைத்திருந்த தட்டுகளின் அடியில் இலைவளையத்துக்குள் ‘எம்’ என்ற எழுத்தும், கீழே ‘ஜப்பான்’ என்றும் உள்ளன. இவை எந்தக் காலத்தவை?

பதில்: ‘எம்’ என்பது நோரிடாக்கே என்ற ஜப்பானியப் பீங்கான் நிறுவனத்தைத் தோற்றுவித்த மொரிமுரா குடும்பத்தைக் குறிக்கிறது. இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-ல் சட்டம் இயற்றியதால் தொடக்கத்தில் ஜப்பானியர் தம் நாட்டை அழைக்கும் ‘நிப்பான்’ என்ற பெயரைப் பொறித்தார்கள்; 1921 முதல் ‘ஜப்பான்’ என்றே எழுத வேண்டியதாயிற்று. 1953-ல் ‘எம்’ போய் ‘என்’ வந்தது. ஆகவே உங்கள் தட்டுகள் பெரும்பாலும் 1921-க்கும் 1953-க்கும் இடைப்பட்டவை. இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில், தரம் பழைய நிலைக்கு வரவில்லை என்று கருதிய நிறுவனம் தன் பெயரை விலக்கிக்கொண்டு ‘ரோஸ் சைனா’ என்ற முத்திரையிலேயே விற்றது. அந்த நேர்மைக்காகவே அம்முத்திரையுள்ள தட்டுகளை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கேள்வி: நோரிடாக்கேயின் ‘அசேலியா’ என்ற பூ வடிவ செட்டில் சில சாசர்கள் குறைகின்றன. கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகரின் லார்க்கின் என்ற சோப்பு நிறுவனம் தபால் வழியே அதை ஏராளமாக வழங்கியதால் தட்டும் சாசரும் இன்னும் புழக்கத்தில் உள்ளன. குழந்தைகளுக்கான சிறிய தேநீர் செட்டுதான் அரிது. 19322 என்ற வடிவ எண்ணைச் சொல்லித் தேடுங்கள். கோப்பை உட்காரும் குழியின் விட்டத்தையும் அளந்து கேளுங்கள். பூக்கள் கையால் தீட்டப்பட்டவை என்பதால் இதழ்களின் இளஞ்சிவப்பு ஒன்றுக்கொன்று சற்று மாறுபடுவது குறையன்று.

கேள்வி: விரிசலை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தட்டை விரல்நுனிகளில் ஏந்தி, விளிம்பை நகத்தால் மெல்லத் தட்டுங்கள். முழுதான தட்டு நீண்டு ஒலிக்கும். மயிரிழை விரிசல் இருந்தால் ஒலி மந்தமாக உடனே அடங்கிவிடும். பின்னர் விளக்கொளிக்கு எதிரே பிடித்தால் கோடு தெரியும். ஒட்டிச் சீரமைத்த இடங்கள் புறஊதா டார்ச் வெளிச்சத்தில் பெரும்பாலும் வேறு நிறமாகத் தெரியும்.

கேள்வி: இவற்றில் தினமும் சாப்பிடலாமா?

பதில்: பொன்விளிம்புள்ள தட்டை மைக்ரோவேவ் அடுப்பிலோ பாத்திரம் கழுவும் இயந்திரத்திலோ வைக்கக் கூடாது. மெருகின் மேல் தீட்டிய பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும். ஆகையால் அன்றாடச் சாப்பாட்டுக்கு வேண்டாம், விசேஷ நாளில் எடுத்தாலும் புளிக்குழம்பு, ஊறுகாய் போன்றவற்றை அதில் பரிமாறாதீர்கள்.

கேள்வி: ‘ஸ்ரீலங்கா’ என்று பொறித்தவை போலிகளா?

பதில்: நாட்டின் பெயரை மட்டும் வைத்துப் போலி என்று ஒதுக்க வேண்டாம். 1970களில் இலங்கையின் மாத்தளையில் நோரிடாக்கே ஆலை தொடங்கப்பட்டது. அங்கு செய்தவையும் அசல்தான். ஆனால் ஜப்பானில் செய்த பழைய செட்டில் குறையும் தட்டுக்கு ஈடாக வாங்குவதற்கு முன், இரண்டையும் அருகருகே வைத்து வெண்மையை ஒப்பிட்டுப் பாருங்கள்.