பிளாக் விடோ சிலந்தி கடித்தால் உயிர் போய்விடுமா?

"அரிசோனாவுக்குக் குடிபோகிறோம், அங்கே பிளாக் விடோ சிலந்தி நிறைய என்கிறார்கள். கடித்தால் உயிருக்கு ஆபத்தா, என்ன வைத்தியம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் உயிர் போகாது. போய்விட்டால்கூடத் தேவலை என்று ஒரு நாள் முழுக்கத் தோன்றும், அவ்வளவுதான். கடி வாங்கியவள் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது கலிபோர்னியாவில், பிரெஸ்னோ பக்கம். செருப்பை வாசலுக்கு வெளியே விடுகிற பழக்கம் இங்கே வந்தும் போகவில்லை. தோட்ட வேலைக்கென்று வாங்கிய ரப்பர் ஷூ ஒன்று, பின்வாசல் படியில் பத்து நாளாகத் தொடாமல் கிடந்தது. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, கருவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று அதற்குள் காலை விட்டேன். ஒட்டடை மாதிரி ஏதோ விரலில் பட்டது. சுண்டுவிரலில் சுருக்கென்று ஒரு குத்து. முள்ளாக இருக்கும் என்று ஷூவைக் கழற்றி வீசிவிட்டு, வேறு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டேன். விரலில் பார்க்க ஒன்றுமே இல்லை, ஒரு சின்னச் சிவப்பைத் தவிர.

அரை மணி நேரம் கழித்துக் கெண்டைக்காலில் ஒரு இழுப்பு. அப்புறம் தொடை இடுக்கில் நெறி கட்டியது. பதினொன்றரை மணிக்கு வலி இடுப்புக்கு ஏறி, அங்கிருந்து வயிற்றுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. இரண்டு பிள்ளை பெற்றவள் நான். பிரசவ வலியில் நடுவே மூச்சு விடவாவது இடம் இருக்கும். இதில் அதுவும் இல்லை. உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது, நடந்துகொண்டே இருந்தேன். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது, பல் கிட்டுகிறது. வீடியோ காலில் அம்மா, "அங்க குப்பைமேனி கிடைக்குமா பாரு" என்கிறாள்.

எமர்ஜென்சியில் "வயிற்று வலி" என்றுதான் சொன்னேன். காலில் குத்தியதை நானே மறந்துவிட்டேன். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு அப்பெண்டிக்ஸாக இருக்கலாம், ஸ்கேன் எடுப்போம் என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. இந்தக் கடியை வயிற்றுக்குள் ஏதோ வெடித்துவிட்டதாக நினைத்து ஆபரேஷன் வரைக்கும் போன கதைகள் மருத்துவத்தில் பழையவை. ஸ்கேனுக்காக மெட்டியைக் கழற்ற வந்த நர்ஸ்தான் கண்டுபிடித்தார். என் வலது பாதம் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. இடது பாதம் காய்ந்து கிடந்தது. கடித்த இடத்தைச் சுற்றி மட்டும் தனியாக வேர்ப்பது இந்தச் சிலந்தியின் கையெழுத்தாம். "ஷூவை எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்டார். வீட்டுக்கு ஓடிய என் கணவர் ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, போட்டோ எடுத்து அனுப்பினார். பளபளவென்று கறுப்பு, புளியங்கொட்டை மாதிரி வயிறு, அதன் அடிப்பக்கம் உடுக்கை வடிவத்தில் சிவப்பு. கடிப்பது இந்தப் பெண் சிலந்திதான். ஆண் அளவிலும் சிறியது, அதனால் தொல்லையும் கிடையாது.

என்ன நடக்கிறது என்றால், இந்த விஷம் சதையை அரிப்பதில்லை. ஆல்ஃபா லாட்ரோடாக்சின் என்ற நஞ்சு நரம்பு முனையில் ஓட்டை போடுகிறது, அதன் வழியாகக் கால்சியம் உள்ளே பாய்கிறது, நரம்பு தன்னிடம் இருக்கும் ரசாயனத்தை எல்லாம் ஒரே மூச்சில் தசைமேல் கொட்டிவிடுகிறது. குழாயைத் திறந்துவிட்டுத் திருகைப் பிடுங்கிக்கொண்டு போன மாதிரி. அதனால்தான் கடித்த இடம் சும்மா இருக்க, உடம்பு முழுக்கத் தசை இழுக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, வாந்தி வருகிறது. காலில் கடித்தால் பெரும்பாலும் வயிறு, கையில் கடித்தால் நெஞ்சு. நெஞ்சு வலியென்று ஹார்ட் அட்டாக்குக்குப் பார்ப்பார்கள்! ஆகவே உள்ளே நுழையும்போதே சிலந்தி என்ற வார்த்தையைச் சொல்லிவிடுங்கள். உறுதியாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

வைத்தியத்துக்கு வருவோம். வீட்டில் செய்ய வேண்டியது சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் ஐஸ் சுற்றி ஒத்தடம் வைப்பது மட்டும். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. அமெரிக்காவில் எங்கிருந்தும் 1-800-222-1222 என்ற விஷ உதவி எண்ணுக்கு இலவசமாகக் கூப்பிட்டுக் கேட்கலாம். வலி ஊருக்கு ஊர் நகர ஆரம்பித்தால் ஆஸ்பத்திரிதான். சின்னக் குழந்தை, வயதானவர், கர்ப்பிணி, ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர் என்றால் வலிக்கக் காத்திருக்கவே வேண்டாம்.

எனக்கு ரத்தக் குழாய் வழியாகப் பென்டனில் என்ற வலி மருந்து போட்டார்கள், தசை தளர லோராசெபம், கூடவே ஒரு டெட்டனஸ் ஊசி. விஷமுறிவு மருந்தும் இருக்கிறது. குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது, ஒரே ஒரு குப்பி போதும், பலருக்குச் சில மணி நேரத்திலேயே வலி அடங்கிவிடும். ஆனால் குதிரைப் புரதம் ஒத்துக்கொள்ளாமல் மூச்சு அடைத்துப்போகும் ஆபத்து உண்டு. எனக்கு வீசிங் இருப்பதால் அதை வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அப்போது எனக்கு ஆத்திரமாக இருந்தது. பிறகு படித்ததில் கோபம் கொஞ்சம் தணிந்தது: இதே குடும்பத்து ரெட்பேக் சிலந்திக்கு ஆஸ்திரேலியாவில் 1956 முதல் விஷமுறிவு மருந்து உண்டு, அங்கே 224 பேரை வைத்து நடத்தி 2014ல் வெளியிட்ட ஆய்வில், வலி மருந்தோடு அதைச் சேர்த்ததால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அது வேறு மருந்து, வேறு சிலந்தி, அதனால் இங்கே டாக்டர்களுக்குள் இன்னும் வாதம் ஓடுகிறது. பழைய புத்தகங்களில் கால்சியம் ஊசி என்று இருக்கும். அதை நம்பாதீர்கள், பயனில்லை என்று கைவிட்டுவிட்டார்கள்.

சரி, யாருமே சாவதில்லையா? சாவு உண்டு, மிக மிக அரிது. 1933ல் அலபாமா பல்கலைக்கழகத்தில் ஆலன் பிளேர் என்ற பேராசிரியர் இதைச் சோதிக்கத் தன் விரலையே நீட்டி, 10 விநாடி கடிக்கவிட்டார். சில மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் துடித்துக்கொண்டிருந்தார், பிறகு பிழைத்து எழுந்து ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இப்போதும் அடிவயிறு இழுக்கிறது.

ஒரு ராத்திரி ஆஸ்பத்திரி, இரண்டாம் நாள் வலி பாதி, மூன்றாம் நாள் வீட்டில் ரசம் சாதம். ஒரு வாரம் வரை அசதியும் தூக்கமின்மையும் இருந்தன.

அரிசோனாவில் இதற்குப் பிடித்த இடங்கள்: காராஜ் மூலை, விறகுக் குவியல், தண்ணீர் மீட்டர் பெட்டி, பூந்தொட்டி விளிம்பின் அடிப்பக்கம். வலை ஒழுங்கில்லாமல் தாறுமாறாக இருக்கும், குச்சியால் இழுத்தால் பட்பட்டென்று அறுபடும் சத்தம் கேட்கும். சாதாரண ஒட்டடை அப்படிச் சத்தம் போடாது. அங்கே வெறும் கையை விடாதீர்கள்.

ஷூவை இன்னமும் வெளியேதான் விடுகிறோம், பழக்கம் போகவில்லை. போடும் முன் படியில் குதிகாலைக் குத்தி இரண்டு தட்டு, கவிழ்த்து ஒரு உதறல். பக்கத்து வீட்டுக்காரர் இதை ரொம்ப நாளாக எங்கள் ஊர்ச் சடங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.