‘ரென்ட்’ நேரலையில் ஏன் பதிவுசெய்த காட்சிகள் வந்தன?

2019 ஜனவரி 27 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சி ‘ரென்ட்’ இசை நாடகத்தை நேரலை என்று அறிவித்துவிட்டு, ஏன் பெரும்பாலும் பதிவுசெய்த காட்சிகளைக் காட்டியது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முந்தின நாள், முழு உடை ஒத்திகையில், முக்கியப் பாத்திரமான ரோஜராக நடித்த பிரென்னின் ஹன்ட்டின் பாதம் முறிந்துவிட்டது. மேடை நாடகம் என்றால் மாற்று நடிகர் தயாராக இருப்பார். ஒரே இரவுக்கான இந்தத் தயாரிப்பில் அப்படி யாரும் இல்லை. நல்லவேளை, ஒத்திகையைப் பதிவு செய்திருந்தார்கள். அதைப் போட்டுவிட்டு, கடைசிப் பகுதியை மட்டும் நேரலையாக நடத்தினார்கள். காலில் கட்டோடு உட்கார்ந்தபடியே ஹன்ட் பாடினார். முடிவில் 1996-ல் இந்த நாடகத்தில் முதன்முதலில் நடித்த குழுவினரும் வந்து சேர்ந்து பாடினார்கள்.

இந்த நாடகத்துக்கு உட்கார்ந்து பாடுவது புதிதல்ல, அதுதான் என்னை உருக்குகிறது. இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் ‘லா போஎம்’ என்ற ஓபராவை (முழுக்கப் பாடியே நடிக்கும் நாடகம்) எய்ட்ஸ் பரவிய கால நியூயார்க்குக்குக் கொண்டுவந்தவர் ஜொனாதன் லார்சன். உணவகத்தில் பரிமாறிக்கொண்டே பல வருஷம் இதை எழுதினார். முதல் முன்னோட்டக் காட்சி நடக்க வேண்டிய 1996 ஜனவரி 25 அதிகாலையில், பெருந்தமனி கிழிந்து 35 வயதில் இறந்துபோனார். அன்று மாலை அவருடைய நண்பர்களும் குடும்பத்தாரும் மட்டும் பார்க்க, நடிகர்கள் மேசைகளின் முன் உட்கார்ந்து வெறுமனே பாடினார்கள். ஆனால் முதல் பாதி முடிவதற்குள் தாங்க முடியவில்லை. எழுந்து, மேசை மேலேயே ஆடத் தொடங்கிவிட்டார்கள். அப்புறம் ஏப்ரலில் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் உள்ள பிராட்வேக்குப் போன நாடகம் 2008 வரை ஓடியது.