நியாமிநியாமி மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: கரிபா அணை கட்டியபோது நியாமிநியாமி என்ற நதி தெய்வம் கோபித்துக்கொண்டு வெள்ளத்தை அனுப்பியதாக ஆப்பிரிக்காவில் நம்புகிறார்களாமே? 1950-களிலுமா இப்படி ஒரு மூடநம்பிக்கை?

பதில்: நம்பியவர்கள் டோங்கா மக்கள். இன்றைய ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவே ஓடும், இந்த அணை கட்டப்பட்ட ஜாம்பெசி ஆற்றின் இரு கரையிலும் இருந்தவர்கள். வெள்ளம் வடிந்த வண்டலில் விதைத்துச் சாப்பிட்டவர்கள்.

நியாமிநியாமிக்குப் பாம்பு உடம்பு, மீன் தலை. பஞ்சம் வந்தால் தன் சதையையே கொடுத்து ஊரைக் காப்பாற்றுமாம். அணைச் சுவர் எழும்பி, கீழ்ப்பக்கம் போயிருந்த மனைவியிடமிருந்து அதைப் பிரித்துவிட்டது. கோபம் அதனால்தான் என்பது கதை. 1957-இல் பெருவெள்ளம் வந்தது. அடுத்த ஆண்டே அதைவிடப் பெரியது, விநாடிக்கு 16,000 கனமீட்டர். பாலம் அடித்துக்கொண்டு போனது. பத்தாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் இது என்றார்கள் நிபுணர்கள். அவர்கள் கையில் இருந்த நீர்க்கணக்கோ சில பத்தாண்டுகளுக்கு உரியது! சரி, அவர்களும் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. மதகுகளை நான்கிலிருந்து ஆறாக்கினார்கள். ஆறு ஏதோ சொன்னது அவர்களுக்கும் கேட்டிருக்கிறது.

பாம்பு இருந்ததா இல்லையா என்று நாம் பேசிக்கொண்டிருப்பது பலருக்கு வசதி. வேறு கேள்வி வராது பாருங்கள். அந்த அணைக்காக ஏறக்குறைய 57,000 டோங்கா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். போக மாட்டோம் என்று ஈட்டியோடு நின்ற சிசோமோ ஊர்க்காரர்கள் மீது 1958 செப்டம்பரில் காலனி அரசின் போலீஸ் சுட்டது. 8 பேர் செத்தார்கள். மிச்சப் பேரை லாரியில் ஏற்றி, அணைக்குக் கீழே வெகு தொலைவில் இருந்த லுசிட்டுவில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

அவர்களுடைய நம்பிக்கையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் இந்த இடத்தில்தான் பார்க்க வேண்டும். அன்றாட வழிபாட்டில் பாம்பைவிட முன்னோர்தான் அவர்களுக்கு முக்கியம். மழைக்கும் விதைப்புக்கும் மலெண்டே என்ற வழிபாட்டு இடம் ஒவ்வொரு பகுதிக்கும் உண்டு. அங்கே முதலில் குடியேறியவரின் வழிவந்தவர்தான் முன்னின்று நடத்துவார். அதாவது சாமி மண்ணோடு கட்டுண்டது. மூட்டை கட்டி எடுத்துப்போக முடியாது. லுசிட்டு மண்ணுக்கு ஏற்கெனவே வேறு முன்னோர்கள் இருந்தார்கள். வந்தேறிகள் அங்கே யாரிடம், என்ன உரிமையில் மழை கேட்பார்கள்? பழைய மலெண்டேக்களும் கல்லறைகளும் ஏரிக்கு அடியில். அணை நிரம்பத் தொடங்கியதும், நீர் சூழ்ந்த தீவுகளில் சிக்கிய விலங்குகளைக் காப்பாற்ற ‘ஆபரேஷன் நோவா’ நடந்தது; உலகமே பாராட்டியது. மான்களைப் படகில் ஏற்றிய அந்தப் படங்கள் பத்திரிகைகளில் வந்த அளவுக்கு டோங்கா மக்கள் லாரியில் போன படங்கள் வரவில்லை என்று நினைக்கிறேன்.

இன்று கரிபாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் நியாமிநியாமி செதுக்கிய கைத்தடி வாங்கி வருகிறார்கள். சிசோமோவைச் செதுக்கி யாரும் விற்பதாகத் தெரியவில்லை. இடம்பெயர்ந்தவர்கள் வாழும் ஊர்கள் பலவற்றில் அணை தந்த மின்சாரம் பல பத்தாண்டுகளாக எட்டிப்பார்க்கவே இல்லை. மேலே போகும் மின்கம்பியைத் தினமும் பார்க்கலாம், அவ்வளவுதான். அவர்களைக் கேலி செய்யத்தான் வேண்டுமென்றால், ‘நஷ்ட ஈடு வரும்’ என்று அரசாங்கத்தை நம்பினார்களே, அதற்குச் செய்யுங்கள்.