ஸ்டிக்கரா, பசையா? முதல் வால்பேப்பர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீடு கட்டிக் குடிவந்து ஓராண்டு ஆகிறது. ஹாலில் டி.வி. மாட்டும் சுவருக்கு மட்டும் வால்பேப்பர் ஒட்ட ஆசை. 12 அடி அகலம், 10 அடி உயரம். ஆள் வைக்காமல் நானும் கணவரும் சேர்ந்தே ஒட்டிவிடலாம் என்றிருக்கிறோம். கடையில் காகிதம், வினைல், நான்-வோவன், ஸ்டிக்கர் என்று நான்கு வகை காட்டுகிறார்கள். எங்களுக்கு எது சுலபம்?
– வாசகி, பாலக்கோடு

பதில்: நான்-வோவன் வாங்குங்கள். காரணம் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது.

சாதாரணக் காகித வால்பேப்பர் ஈரம் பட்டதும் அகலத்தில் விரியும், காய்ந்ததும் சுருங்கும். அதனால் பசையைத் தாளின் முதுகில் தடவி, மடித்து வைத்து, லேபிளில் போட்டிருக்கும் நேரம் (பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம்) ஊறவிட்டுத்தான் சுவருக்குக் கொண்டுபோக வேண்டும். அவசரப்பட்டால் மிச்ச விரிவு சுவரில் நடந்து கொப்புளமாக நிற்கும். அதிகம் ஊறினால் கையிலேயே கிழியும். ஒரு துண்டு 6 நிமிடம், அடுத்தது 12 நிமிடம் ஊறினால் இரண்டின் அகலமும் ஒத்துவராது, டிசைன் விலகும். பத்தடி நீளத்துக்குப் பசை சொட்டும் தாளை ஏணியில் ஏற்றுவதும் புதியவர்களுக்குச் சிரமம்.

நான்-வோவன் என்பது மரக்கூழ் இழையோடு செயற்கை இழையும் கலந்து அழுத்திச் செய்தது. நனைந்தாலும் விரியாது. பசையைச் சுவரில் தடவி, தாளை உலர்ந்தபடியே ரோலிலிருந்து இறக்கி ஒட்டிவிடலாம். ஊறவைக்கும் வேலை இல்லை, பெரிய மேசை தேவையில்லை. கோணலாகப் போனால் உரித்து நகர்த்திக்கொள்ளலாம், எளிதில் கிழியாது.

'வினைல்' என்று கடையில் சொல்வது மேற்பரப்பைப் பற்றியது. வினைலுக்குப் பின்னால் காகிதமும் இருக்கலாம், நான்-வோவனும் இருக்கலாம். 'வினைலா?' என்று கேட்பதைவிட 'பின்பக்கம் என்ன?' என்று கேளுங்கள். விற்பவருக்கே தெரியவில்லை என்றால் சாம்பிள் துண்டு ஒன்று வாங்கி முதுகில் தண்ணீர் தடவிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் சுருண்டுகொண்டால் காகிதம், அப்படியே கிடந்தால் நான்-வோவன். லேபிளில் குறி இருந்தால் இன்னும் எளிது: தூரிகை சுவரைத் தொடுவதுபோல் படம் இருந்தால் பசை சுவருக்கு, தாளைத் தொடுவதுபோல் இருந்தால் பசை தாளுக்கு.

வகையைப் போலவே டிசைனும் முக்கியம். பெரிய பூ, பெரிய கட்டம், நேர்க்கோடு மூன்றும் முதல் முறைக்கு வேண்டாம். பூவும் கட்டமும் ஒவ்வோர் இணைப்பிலும் பொருந்த வேண்டும். நேர்க்கோடோ சுவர் மூலை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். கொத்தனார் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் மூலை கால் அங்குலம் சாய்வது சகஜம். பளபளப்பான தாளில், சுவரைச் சமப்படுத்தப் பூசிய பட்டியின் ஒவ்வொரு மேடும் தெரியும். அடர் நிறத் தாளில் இணைப்பு வெள்ளைக் கோடாகத் தெரியும். அதுதான் பிடித்திருக்கிறது என்றால், இணைப்பு வரும் இடங்களில் சுவருக்கு முன்பே அதே சாயல் பெயின்ட்டை இரண்டு அங்குல அகலத்துக்கு அடித்துக் காயவிடுங்கள்.

உங்களுக்கு ஏற்றது, சணல்துணி அல்லது பருத்தித் துணிபோல் லேசான சொரசொரப்பும் வெளிர் நிறமும் உள்ள, டிசைன் பொருத்தவே தேவையில்லாத தாள். லேபிளில் அம்புக்குறிக்குப் பக்கத்தில் பூஜ்யம் போட்டிருப்பது அந்த வகைதான். சுவரின் சின்னக் குறைகளையும் அது மறைத்துவிடும். 21 அங்குல அகலமுள்ள ரோல் எடுங்கள். 42 அங்குல அகல ரோல் இணைப்பு குறையும் என்று ஆசை காட்டும், ஆனால் புதுக் கைகளுக்கு அடங்காது.

கேள்வி: ஆன்லைனில் ஸ்டிக்கர் வால்பேப்பர் வாங்கிப் படுக்கையறையில் ஒட்டினேன். பத்து நாளில் மேல் ஓரம் சுருண்டு இறங்கிவிட்டது. பின்பக்கம் பார்த்தால் பெயின்ட்டும் சேர்ந்து வந்திருக்கிறது. மட்டமான சரக்கா?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: பெயின்ட்டோடு வந்திருக்கிறது என்றால் ஸ்டிக்கரின் பசை வேலை செய்திருக்கிறது, பிடி விட்டது உங்கள் சுவர்தான். உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேயுங்கள். வெள்ளையாக மாவு ஒட்டினால் அது டிஸ்டெம்பர் அல்லது சுண்ணாம்பு. ஸ்டிக்கர் மேல் மாவில்தான் ஒட்டுகிறது, அந்த மாவு சுவரில் ஒட்டியிருக்கவில்லை. இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. கறை பிடிக்காமல் துடைக்கக்கூடிய வழவழப்பான எமல்ஷன் சிலவற்றில் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது.

பசை கலக்க வேண்டாம், கை அழுக்காகாது என்பதால் ஸ்டிக்கர்தான் சுலபம் என்று நினைக்கிறார்கள். அலமாரிக் கதவு, மேசைப் பலகை போன்ற சின்ன வழவழப்பான பரப்புக்கு அது உண்மை. பத்தடிச் சுவரில் அது புதியவர்களைப் படுத்திவிடும். ஒட்டியதை நகர்த்த முடியாது, இழுத்தால் நீளும், நீண்டது பிறகு சுருங்கி இணைப்பில் இடைவெளி விடும். தன்மேல் தானே ஒட்டிக்கொண்டால் அந்தத் துண்டு வீண்.

மீதி ரோலைப் பயன்படுத்த வேண்டுமானால், உதிரும் பூச்சைப் பட்டித் தகட்டால் சுரண்டி, 120 நம்பர் உப்புத்தாள் தேய்த்து, ஈரத்துணியால் தூசு எடுத்து, வாட்டர் பிரைமர் ஒரு கோட் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். பிறகு பின்தாளை மொத்தமாக உரிக்காமல் மேலே ஓரடி மட்டும் உரித்து ஒட்டி, ஒருவர் கீழிருந்து உரித்துக்கொண்டே வர, மற்றவர் துணி சுற்றிய அட்டையால் நடுவிலிருந்து வெளிப்புறமாக அழுத்திக்கொண்டே இறங்க வேண்டும்.

கேள்வி: சுவர் 13 அடி அகலம், பத்தரை அடி உயரம். ரோலுக்கு 57 சதுர அடி, மூன்று ரோல் தாராளம் என்கிறார் கடைக்காரர். சரியா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: டிசைனைப் பொறுத்தது. சதுர அடிக் கணக்கில் 136.5-ஐ 57-ஆல் வகுத்து மூன்று என்கிறார். வால்பேப்பருக்கு நீளத்துண்டுக் கணக்குதான் போட வேண்டும்.

அகலம் 156 அங்குலம். 21-ஆல் வகுத்தால் ஏழரைக்குச் சற்றுக் குறைவு, ஆக 8 துண்டு. உயரம் 126 அங்குலம், மேலும் கீழும் வெட்டிச் சரிசெய்ய இரண்டிரண்டு அங்குலம் சேர்த்தால் துண்டு ஒன்றுக்கு 130. ரோல் நீளம் 33 அடி, அதாவது 396 அங்குலம். டிசைன் பொருத்தத் தேவையில்லாத தாள் என்றால் ரோலுக்கு மூன்று துண்டு (390 அங்குலம்) மட்டுமட்டாக வரும், மூன்று ரோல் போதும்.

அதே இடத்தில் 21 அங்குலத்துக்கு ஒருமுறை திரும்ப வரும் டிசைன் எடுத்தால் ஒவ்வொரு துண்டையும் 21-இன் மடங்கில்தான் வெட்ட முடியும். 130-க்கு அடுத்த மடங்கு 147. ரோலுக்கு இரண்டு துண்டுதான் தேறும், நான்கு ரோல் வேண்டும். பத்தடிச் சுவரானால் 126 அங்குலத் துண்டு போதும், ரோலுக்கு மூன்று வந்துவிடும். அரை அடி உயரம் ஒரு ரோல் செலவு வைக்கிறது!

வாங்கும்போது எல்லா ரோலிலும் பேட்ச் நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறு பேட்ச் என்றால் கடையில் ஒரே நிறமாகத் தெரிந்தாலும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது சாயல் மாறும். குறைந்த ஒரு ரோலுக்காகப் பிறகு போனால் அந்தப் பேட்ச் கிடைப்பது நிச்சயமில்லை.

கேள்வி: சித்திரையில் நாங்களே நான்-வோவன் தாள் ஒட்டினோம். ஒட்டியபோது இணைப்பே தெரியவில்லை. மறுநாள் காலையில் எல்லா இணைப்பும் வாய் பிளந்து நிற்கின்றன. எங்கே தவறு?
– வாசகி, தருமபுரி

பதில்: ஃபேன் ஓடியதா? பெரும்பாலும் அதுதான். சித்திரை வெயிலில் சுவரே சுடும். அதோடு ஃபேன் காற்றும் சேர்ந்தால் ஓரத்துப் பசை முதலில் காய்ந்து, தாள் அமர்வதற்குள் பிடியை விட்டுவிடும். இரண்டாவது காரணம் பிரைமர் அடிக்காத பட்டிச் சுவர். அது பசையின் தண்ணீரை உடனே உறிஞ்சிவிடும். மூன்றாவது, இடைவெளியை மூடத் தாளை இழுத்து ஒட்டியிருப்பது. தாளைத் தள்ளி நகர்த்தலாம், இழுக்கக் கூடாது. இப்போது சின்னத் தூரிகையால் ஓரத்துக்குள் பசை வைத்து அழுத்தினால் ஓரளவு சரியாகும்.

அடுத்த சுவருக்கு முறையைச் சொல்கிறோம். தை, மாசிதான் தோதான மாதங்கள். வெயில் காலத்தில் ஒட்டியே ஆக வேண்டுமானால் காலையில் செய்யுங்கள், மேற்குச் சுவரை மாலையில் தொடாதீர்கள்.

பசைத்தூளைப் பாக்கெட்டில் சொன்ன அளவு குளிர்ந்த தண்ணீரில் தூவிக்கொண்டே கலக்குங்கள். தூள் மேல் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டும். 15, 20 நிமிடம் விட்டு மறுபடி கலக்க, கேழ்வரகுக் கூழ் பதத்துக்கு வரும். களி பதத்துக்கு இறுகிவிட்டால் ரோலரில் ஏறாது. மரவேலைக்கான வெள்ளைப் பசையை மட்டும் ஊற்றி ஒட்டும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது சீக்கிரம் பிடித்துக்கொள்வதால் தாளை நகர்த்த முடியாது, பிற்பாடு உரித்தால் பட்டியோடு வரும்.

மூலையிலிருந்து 20 அங்குலத்தில் குறி வைத்து, தூக்குக்குண்டு விட்டு மேலிருந்து கீழ்வரை பென்சில் கோடு போடுங்கள். பேனா வேண்டாம், மை மேலே ஊறி வரும். முதல் துண்டின் ஓரம் இந்தக் கோட்டைப் பிடித்து இறங்க வேண்டும். மீதி ஓரங்குலம் மூலையில் மடங்கிப் பிறகு வெட்டுப்படும். மூலையை நம்பி முதல் துண்டை ஒட்டினால் கடைசித் துண்டு வரை அந்தச் சாய்வு தொடரும்.

சுவரில் துண்டின் அகலத்தைவிட இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாகப் பசை தடவுங்கள். ரோலர் எட்டாத மேல், கீழ், மூலைப் பகுதிகளுக்குத் தூரிகை. பசை விடுபட்ட இடம்தான் பின்னால் கொப்புளமாகும். தாளை மேலே இரண்டு அங்குலம் விட்டுப் பிடித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளிக்கொண்டே இறங்குங்கள். அடுத்த துண்டு இதன் ஓரத்தை முட்டி நிற்க வேண்டும், மேலேறக் கூடாது. வினைல் மேல் வினைலைச் சாதாரணப் பசை பிடிக்காது. பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து இணைப்பில் சின்ன உருளையை லேசாக ஓட்டுங்கள். தாளின் முன்பக்கத்தில் பட்ட பசையை ஈர ஸ்பாஞ்சால் அப்போதே துடைக்காவிட்டால் காய்ந்து பளபளக்கும்.

மிச்சத்தை வெட்ட, அகலமான பட்டித் தகட்டை மூலையில் அழுத்திப் பிடித்து அதன்மேல் கட்டர் ஓட்டுங்கள். துண்டுக்கு ஒருமுறை பிளேடின் நுனியை உடைத்துப் புதுமுனை எடுங்கள். ஈரத்தாளை மழுங்கிய பிளேடு கிழிக்கும். சுவிட்ச் போர்டு வந்தால் முதலில் மெயினை அணையுங்கள். ஸ்க்ரூவைத் தளர்த்தி, மேல் தட்டுக்கு அடியில் அரை அங்குலம் தாள் போகும்படி வெட்டிச் செருகுங்கள். இரண்டு மூன்று துண்டு ஒட்டியதும் தள்ளி நின்று பாருங்கள். சாயல் வித்தியாசம் இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுக் கடைக்குப் போகலாம். எல்லா ரோலையும் முன்கூட்டியே வெட்டிவிட்டால் திருப்பித் தர முடியாது. ஒருநாள் முழுக்க ஃபேன், ஏ.சி. இரண்டும் வேண்டாம், ஜன்னலும் மூடியே இருக்கட்டும்.

கேள்வி: எங்களுடையது பழைய கருங்கல் கட்டு வீடு. மழைக்காலத்தில் தரையிலிருந்து மூன்றடி வரை சுவர் கறுத்து உப்பு பூக்கிறது. வால்பேப்பர் ஒட்டினால் மறைந்துவிடுமா?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: சில மாதம் மறையும், பிறகு இன்னும் மோசமாகும். தாள், குறிப்பாக வினைல், ஈரத்தை வெளியே விடாது. உள்ளே பூஞ்சை பிடித்து நாற்றம் வரும், உப்பு பூச்சைத் தள்ளும், தாள் உப்பிக்கொண்டு கழலும். ஓதத்தின் காரணத்தைச் சரிசெய்து சுவர் காய்ந்த பிறகு யோசியுங்கள். காய்ந்ததா என்று பார்க்க, ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளின் நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவரில் இன்னும் ஈரம் இருக்கிறது. புதுவீட்டுக்காரர்களும் இதைச் செய்து பார்க்கலாம்.

கேள்வி: வாடகை வீடு. காலி செய்யும்போது வால்பேப்பரை உரித்துவிட முடியுமா?
– வாசகி, ஓசூர்

பதில்: பிரைமர் அடித்த சுவரில் நான்-வோவன் என்றால் முடியும். கீழ் மூலையைப் பிளேடால் கிளப்பி மேல்நோக்கி மெதுவாக இழுத்தால் முழுத் துண்டாக வரும். மிச்சப் பசையை வெந்நீரில் நனைத்த ஸ்பாஞ்சால் துடைக்கலாம். காகித முதுகுள்ள வினைலில் மேல்தோல் மட்டும் உரிந்து காகிதம் சுவரிலேயே நிற்கும், அதை வெந்நீரில் நனைத்துச் சுரண்ட வேண்டும். ஸ்டிக்கரை ஹேர் டிரையரால் சூடாக்கி உரிக்கலாம், பெயின்ட் தப்புமா என்பது சுவரைப் பொறுத்தது. எதுவானாலும் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அடுப்புக்குப் பின்சுவரிலும் பூஜை மாடத்திலும் ஒட்டலாமா?
– வாசகி, அரூர்

பதில்: இரண்டிலும் வேண்டாம். அடுப்புப் பக்கம் சூட்டிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் இணைப்பு கழலும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. அங்கே டைல்ஸ்தான் சரி. மாடத்தில் விளக்கும் கற்பூரமும் எரிகின்றன, அங்கேயும் டைல்ஸோ கிரானைட்டோ பதியுங்கள்.